இரண்டு பல் தள்ளிய ஸ்டியரிங்

கடிதத்தை ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். பெயர் போட்டு, திகதி போட்டு, கையெழுத்துக்கு மட்டும் கீழே புள்ளிக்கோடு விட்டிருந்தார்கள். தோட்ட ஆபிசின் பெரிய கிளாக்கர் நடராசா அதைச் செல்லசாமியின் பக்கம் திருப்பி வைத்து, தன் பேனையின் மூடியைக் கழற்றி, பேனையை அதன்மேல் வைத்தார்.

‘என் கவனயீனத்தால் 2004 பெப்ரவரி 16ஆம் திகதி தோட்ட ஜீப் ரோட்டோரக் கானுக்குள் இறங்கியது’ என்று கடிதம் தொடங்கியது. செல்லசாமி அதை இரண்டு தடவை வாசித்தான். பிறகு பேனையை எடுத்து, மூடியைத் தேடி, மூடித் திருப்பிக் கொடுத்தான்.

“இது நடக்கலீங்க ஐயா.”

“எது நடக்கேல்லை? ஜீப் கானுக்குள்ள விழேல்லையோ? துரைசாணி அம்மாவின்ர கை முறியேல்லையோ?”

“அதெல்லாம் நடந்துச்சுங்க. ‘என் கவனயீனத்தால்’னு போட்டிருக்கே, அது மட்டும் நடக்கல.”

நடராசா யாழ்ப்பாணத்துக்காரர். இருபத்திரண்டு வருடமாக அதே மேசை. கெட்டவர் அல்ல, பிரச்சினை எதுவானாலும் கடதாசியில் முடிந்தால் போதும் என்று நினைக்கிறவர்.

“ஐசே, சொல்றதைக் கேளும். கையெழுத்தைப் போட்டால் மூண்டு மாசம் கழிச்சு மலையில வேலை தருவினம். போடாட்டி விசாரணை. விசாரணையில தோத்தால் வேலையுமில்லை, டிரைவர் எண்ட பேருமில்லை.”

“மலையில வேலை செய்றது ஒண்ணும் கேவலமில்லீங்க. எங்க அக்கா இருபத்தஞ்சு வருசமா அதத்தான் செய்யிறா. செய்யாத தப்புக்குத் தண்டனையா நான் அங்க போக மாட்டேன்.”

“உமக்கு விசர்.”

“இருக்கட்டுங்க.”

அவன் வெளியே வந்தபோது, கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நின்றவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். தலையைக் குனியாமல் கொட்டகையின் நடுவாகவே நடந்து, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் போனான்.

றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே மூன்று மைல் ஏறினால் அந்தத் தேயிலைத் தோட்டம். செல்லசாமி அங்கேதான் 1968இல் பிறந்தான். அவனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பா இறந்தார். நாலு வயது மூத்த அக்கா பூரணி ஐந்தாம் வகுப்போடு நின்று, பிறகு கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டாள். அதனால் அவன் பத்தாம் வகுப்புவரை படித்தான். இருபது வயதில் டிராக்டர், 1993இல் கொழுந்து லொறி. கொத்மலைக்கு உரம் ஏற்றப் போனதும், நோட்டன் பிரிட்ஜ் பக்கம் பனிமூட்டத்தில் ஒரு சாண் தூரம் தெரியாத நேரத்தில் பலகை ஏற்றி வந்ததும் அந்த லொறியில்தான். ஒன்பது வருடத்தில் அந்த லொறியில் ஒரு கீறல் கிடையாது.

தோட்ட மேலாளரான துரையின் வண்டிக்கு அதுவரை டவுனிலிருந்துதான் டிரைவர் வருவார். 2002இல் தோட்டத்துக்கு ஜப்பானில் ஓடிய ஜீப் ஒன்று வாங்கினார்கள். அந்த வாரம் அடைமழை. பெக்டரி ஏற்றத்தில் செல்லசாமி லொறியை ஒரே மூச்சில் பின்பக்கமாக ஏற்றியதைத் துரை குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். மறுநாள் ஜீப்பின் சாவி அவன் கைக்கு வந்தது. லயத்தில் பிறந்தவன் பங்களா வண்டியை ஓட்டுவது அந்தத் தோட்டத்தில் அதுவே முதல் தடவை. பூரணி அன்று மலைக்குப் போகாமல், ஜீப் கீழே இறங்குவதைப் பார்க்க ரோட்டோரம் வந்து நின்றாள். அரை நாள் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போனது. போகட்டும் என்றாள்.

அந்த ஜீப்பில் ஒரு விசயம் இருந்தது. மழையில், சேறு படிந்த வளைவில், வண்டி லேசாக வழுக்கத் தொடங்கும்போது மீட்டர் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு சிமிட்டும். சின்னக் கார் ஒன்று, பின்னால் நெளிந்த இரண்டு கோடு. அதே நேரம் அவன் பிரேக்கை மிதிக்காமலே ஏதோ ஒரு சக்கரம் மட்டும் பிடிபடும். வண்டி வழிக்கு வரும். முதல் தடவை அவனுக்கு உடம்பு சிலிர்த்துப் போனது.

வண்டியோடு வந்த ஜப்பான் புத்தகத்தில் அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. படங்கள் தெரியும். ஒரு படத்தில், வளைவில் திரும்ப வேண்டிய வண்டி திரும்பாமல் நேரே போகிறது. உள்பக்கப் பின்சக்கரத்துக்கு மட்டும் சிவப்பு பூசியிருந்தது. அடுத்த படத்தில் வண்டி அளவுக்கு மேல் திரும்பி வால் வெளியே வீசுகிறது. அங்கே வெளிப்பக்க முன்சக்கரத்துக்குச் சிவப்பு. இன்னொரு பக்கத்தில் வண்டியை அறுத்துக் காட்டினாற்போல ஒரு படம். நாலு சக்கரத்திலும் அதனதன் வேகத்தைச் சொல்ல ஒவ்வோர் உணரி. ஸ்டியரிங் தண்டைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். கியர் தடிக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி, அதன்மேல் வளைந்த அம்புக்குறி. அவன் அந்தப் பக்கங்களை மாதக்கணக்காகப் பார்த்தான். வளையம், ஓட்டுகிறவன் எங்கே போகக் கேட்கிறான் என்று சொல்கிறது. பெட்டி, வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் அது சும்மா இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் ஒரே ஒரு சக்கரத்தைப் பிடித்து வண்டியைக் கேட்ட பக்கம் இழுக்கும்.

ஒவ்வொரு ஓட்டத்தையும் எழுதும் சார்ட் புத்தகத்தில், விளக்கு சிமிட்டிய நாளில் இடத்துக்கு நேரே ஒரு நட்சத்திரம் போட்டு, மழையா வெயிலா என்றும் எழுதி வைத்தான். யாரும் கேட்கவில்லை, அவன் குணம் அது. நடராசா தினமும் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போட்டார். நட்சத்திரத்தை ஒருநாளும் கவனிக்கவில்லை.

2004 ஜனவரிக் கடைசியில், மலையிலிருந்து உருண்டு வந்த கல்லில் ஜீப்பின் இடது முன்சக்கரம் ஏறி இறங்கியது. சக்கரத்தைத் திருப்புகிற தடி வளைந்தது. தோட்டத்து மெக்கானிக் அழகுமுத்து புதுத் தடி போட்டார். போட்ட பிறகு வண்டி நேரே போனால் ஸ்டியரிங் இடப்பக்கம் கோணலாக நின்றது. இரண்டு பக்கத் தடியின் நீளத்தையும் அளந்து சரிசெய்ய வேண்டும். அதற்கு அரை நாள் பிடிக்கும். அழகுமுத்து ஸ்டியரிங்கைக் கழற்றி, நேராகத் திருப்பி, தண்டின் பற்களில் மறுபடி குத்தி முறுக்கிவிட்டார். பழைய ஜீப்பில், டிராக்டரில், லொறியில் முப்பது வருடமாக அவர் அப்படித்தான் செய்தார். எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான்.

அது பெப்ரவரி மூன்றாம் திகதி. அன்றிலிருந்து காய்ந்த ரோட்டிலும் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. செல்லசாமி அழகுமுத்துவிடம் சொன்னான்.

“ரோட்டுச் சாய்வுடா தம்பி. வண்டிக்கு ஒண்ணுமில்ல” என்றார் அவர்.

அதற்குப் பதின்மூன்று நாள் கழித்து, பதினாறாம் திகதி, பங்களாவிலிருந்து இறங்கும் வலப்பக்க வளைவில், நல்ல வெயிலில், காய்ந்த ரோட்டில், இடது முன்சக்கரத்தை யாரோ எட்டிப் பிடித்தாற்போல ஜீப் இடப்பக்கம் இழுத்தது. அவன் வலப்பக்கம் திருப்பினான். அதற்குள் உடைந்த தார் விளிம்பிலிருந்து இடது சக்கரம் இரண்டும் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி, வண்டி மண்ணில் சாய்ந்தது. பின்னால் இருந்த துரையின் மனைவி துரைசாணியின் மணிக்கட்டு முறிந்தது. மழையில்லை, எதிரே வண்டியில்லை. டிரைவரைத் தவிர வேறு யாரைச் சொல்வது?

“ஜீப்பு தானா போச்சாம்” என்று லயத்தில் சிரித்தார்கள். “பேய் புடிச்ச ஜீப்பு. வேப்பிலை கட்டுங்கடி.”

பூரணி சிரிக்கவில்லை. கடிதம் வந்த அன்று பின்னேரம், கூடையை இறக்கி வைத்ததும் வைக்காததுமாகக் கேட்டாள்:

“நெசத்தச் சொல்லு. தூங்கினியா?”

“இல்லக்கா.”

“தொரைசாணி கூடப் பேச்சுக் குடுத்துக்கிட்டு வந்தியா?”

“அந்தம்மா எங்கிட்ட என்னத்தப் பேசப்போகுது?”

“அப்ப வெளங்குற மாதிரிச் சொல்லு. எனக்கு வெளங்கினாத்தான் ஊருக்கு வெளங்கும்.”

அவன் எழுந்து நின்றான். “நீ நேரா நட. வேகமா.”

“நாப்பது வயசுல என்னை நடக்க வச்சுப் பாக்கிறியா?” என்றாலும் நடந்தாள். அவன் அவளுடைய இடது கையைப் பிடித்து இழுத்தான். அவள் இடப்பக்கம் சுழன்று சுவரில் போய் மோதினாள்.

“சனியனே!”

“அதுதாங்க்கா. ஓடுற வண்டில ஒரு சக்கரத்த மட்டும் புடிச்சா வண்டி அந்தப் பக்கந்தான் சுத்தும். நல்லதுக்குத்தான் அப்படி வச்சிருக்கான். ஆனா அது யாரு பேச்சக் கேட்டுப் புடிக்குது? ஸ்டியரிங் தண்டுல இருக்கிற கறுப்பு வளையத்துப் பேச்ச. அழகுமுத்து அண்ணன் கைப்புடிய நேராக்கினாரு. தண்டு கோணலாவே நிக்குது. வளையம் தண்டோட ஒட்டினது. நான் நேரா போறப்ப, ‘இவன் ரெண்டு பங்கு இடது கேக்கிறான்’னு அது நெனைக்குது.”

“சரி. நேரா போறப்ப இழுக்குதா?”

“நேர் ரோட்டுல அந்த ரெண்ட அது பொறுத்துக்குது. வளைஞ்ச முடக்குல வேகம் சேந்தா பொறுக்காது. எடது முடக்குல நான் பத்து பங்கு கேட்டா அது பன்னெண்டுனு எண்ணும். வண்டி பத்துதான் திரும்பும். ‘பத்தல’ன்னு உள்பக்கப் பின்சக்கரத்தப் புடிக்கும். அது எடது.”

“வலது முடக்குல?”

“நான் பத்து கேட்டா அது எட்டுனு எண்ணும். வண்டி பத்து திரும்பும். ‘ரொம்பத் திரும்பிருச்சு’ன்னு வெளிப்பக்க முன்சக்கரத்தப் புடிக்கும்.”

பூரணி விரலை மடக்கிப் பார்த்தாள். “வலது முடக்குக்கு வெளிப்பக்கம்... அதுவும் எடது.”

“அதுவும் எடது.”

“அப்ப எந்தப் பக்கம் போனாலும் எடது கையத்தான் புடிச்சு இழுக்குது.” அவள் சார்ட் புத்தகத்தை வாங்கி விளக்கடியில் வைத்தாள். ஐந்தாம் வகுப்புப் படிப்புத்தான். ஆனால் நிறுக்கிற இடத்தில் அவளுடைய கொழுந்தில் அரைக் கிலோ குறைத்து எழுத எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் துணிச்சல் வந்ததில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி எண்ணினாள். ஜீப் வந்த நாளிலிருந்து ஸ்டியரிங் கழற்றிய நாள்வரை இருபத்திரண்டு நட்சத்திரம். எல்லாம் மழை நாள். கழற்றிய பிறகு பதின்மூன்று நாளில் பதினேழு. அதில் பதினாலு காய்ந்த ரோட்டில்.

புத்தகத்தை மூடினாள். “கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வந்தே, கதவத் தெறக்க மாட்டேன்.”

விசாரணை மார்ச் ஒன்பதாம் திகதி காலை ஆபிசில் நடந்தது. துரை, நடராசா, அழகுமுத்து, செல்லசாமி. மேசையில் அதே கடிதம். செல்லசாமி படங்களைக் காட்டினான், நட்சத்திரங்களைக் காட்டினான். நடராசா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“இதென்ன, பள்ளிக்கூடப் பிள்ளையே நீர்? நட்சத்திரம் கீறி வச்சிருக்கிறீர்.”

“கீழ கையெழுத்து ஐயாவோடதுங்க. எல்லாப் பக்கத்துலயும்.”

நடராசா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

துரை நாற்காலியில் சாய்ந்தார். “நீ என்னா பேசுற செல்லசாமி? வண்டி தானா திரும்புமா?”

“தொரை ஓட்டிப் பாருங்க.”

“என்னா?”

“வண்டி நேத்துத்தான் ரிப்பேர் முடிஞ்சு வந்துச்சு. மட்கார்டும் கதவும்தான் மாத்திருக்காங்க. ஸ்டியரிங்ல யாரும் கை வைக்கல. நான் பக்கத்துல கூட ஒக்கார மாட்டேன். தொரையே ஓட்டுங்க.”

“ஓட்டி ஒண்ணும் இல்லாட்டி?”

செல்லசாமி தன் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, கடிதத்தின் புள்ளிக்கோட்டின்மேல் வைத்தான். “இந்த எடத்துல, என் பேனையாலயே போட்டுர்றேங்க.”

விளையாட்டு மைதானத்தில் பனி இன்னும் காயவில்லை. செல்லசாமி காலடியால் அளந்து, வெறும் கொழுந்துச் சாக்குகளை இரண்டு வட்டமாக வைத்தான். உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் நடுவே ஜீப் போகிற அளவு, அதன்மேல் ஒரு முழம். மலைக்குப் போக வேண்டிய பெண்கள் எல்லாரும் ரோட்டோரம் நின்றுவிட்டார்கள். கங்காணி விரட்டிப் பார்த்துவிட்டு, பிறகு அவரும் நின்றார்.

மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு; அதை அழுத்தினால் அந்த ஏற்பாடு முழுவதும் தூங்கிவிடும். “மொதல்ல அத அமத்திக்கங்க தொரை. வலப்பக்கமா ரெண்டு சுத்து. முப்பதுக்குக் கூட்டாதீங்க.”

துரை இரண்டு சுற்றுச் சுற்றினார். ஒரு சாக்கும் அசையவில்லை. கண்ணாடி வழியாக அவனைப் பார்த்து, இதற்கென்ன சொல்கிறாய் என்பதுபோல் கையை விரித்தார். அவன் பேனை கடிதத்தின்மேல் கிடப்பது அவனுக்கு நினைவு வந்தது. குரல் மட்டும் பிசகவில்லை.

“இப்பப் பொத்தான எடுத்துருங்க. அதே சுத்து, அதே வேகம்.”

ஜீப் கிளம்பியது. கால் வட்டம் ஒழுங்காகப் போனது. அரை வட்டம் போனது. பிறகு, மைதானத்தின் அந்தக் கோடியில், ‘டிர்ர்ர்’ என்று ஒரு சத்தம். ஜீப்பின் மூக்கு இடப்பக்கம் வெட்டியது. வெளிவட்டத்தின் இரண்டு சாக்கு சக்கரத்துக்குக் கீழே போயின. துரை ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. மூன்றாவது சாக்கும் போனது.

“அடியே, தொரை சாக்க ஏத்திட்டாருடி!”

கூட்டத்திலிருந்து பூரணியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: “தொரைக்கும் கவனயீனமோ?”

சிரிப்பு மைதானத்தைத் தாண்டிப் போனது. நடராசா நிலத்தைப் பார்த்தார். துரை வண்டியை நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினார். இந்தத் தடவை உள்வட்டத்துச் சாக்கு நசுங்கியது. மறுபடியும் இடப்பக்கம். அதற்குப் பிறகுதான் நிறுத்தினார். இறங்காமல் கொஞ்ச நேரம் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் திருப்பல” என்றார்.

“தெரியுங்க தொரை” என்றான் செல்லசாமி. “நானும் திருப்பல.”

பட்டறையில் பாட்டரி வயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, அழகுமுத்து ஸ்டியரிங்கை எடுத்தார். தண்டின் நுனியில் தொழிற்சாலையில் குத்திய புள்ளி ஒன்று, ஸ்டியரிங்கின் துளையோரம் இன்னொன்று. இரண்டும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். அவர் மாட்டியிருந்தபடியே பிடித்துப் பார்த்தார்கள். இரண்டு பல் தள்ளியிருந்தது. செல்லசாமி வண்டிக்குக் கீழே படுத்துத் தடிகளின் புரியை எண்ணினான். வலப்பக்கம் வெளியே தெரிந்தது பதினேழு, இடப்பக்கம் பதினொன்று. இரண்டும் சமமாக இருந்திருக்க வேண்டும்.

அழகுமுத்து கையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். “முப்பது வருசமா இப்படித்தான் தம்பி போடுறேன்.”

“தெரியும்ணே.”

அன்று மத்தியானமே புதுக் கடிதம் தயாரானது. நடராசா தானே கொண்டுவந்து நீட்டினார். “இந்தாரும். வெண்டிட்டீர். உம்மில பிழையில்லை எண்டு கிடக்கு. நாளைக்கே ஜீப்பை எடும்.”

செல்லசாமி நின்றபடியே வாசித்தான். ‘மெக்கானிக் அழகுமுத்துவின் கவனயீனத்தால்’ என்று இருந்தது. கடிதத்தை மேசையில் வைத்தான்.

“இதுவும் நடக்கலீங்க.”

“கடவுளே! இப்ப என்ன?”

“எனக்குத் தச்ச சட்டையக் கழட்டி அவருக்கு மாட்டியிருக்கீங்க. அந்த வண்டியப் பத்தி அவருக்கு யாரு என்னா சொல்லிக் குடுத்தா? ஜப்பான் புத்தகம் ஒண்ணு, அதையும் நான்தான் பாத்தேன். பட்டறைக்கு யாரும் ஒரு நாளு வந்து காட்டினாங்களா?”

“உம்மட வேலை உமக்குக் கிடைச்சிட்டுது. மற்றவன்ர கதை உமக்கேன்?”

“பொய்யில எழுதின கடிதத்தோட நான் அந்த வண்டியில ஏற மாட்டேன். அவருக்கு வேலை போகும்னா எனக்கும் வேணாம். மலையில ஆள் வேணும்னா சொல்லுங்க, நாளைக்குக் காலைல ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்துர்றேன்.”

உள்ளறைக் கதவு திறந்தே இருந்தது. துரைக்கு எல்லாம் கேட்டிருக்கும். அங்கிருந்து குரல் வந்தது: “நடராசா, அவன் சொல்றத எழுது.”

அவன் சொல்லச் சொல்ல நடராசா தட்டச்சு செய்தார். 2004 பெப்ரவரி 3ஆம் திகதி தடி மாற்றியபோது இரு பக்க நீளமும் சமப்படுத்தப்படாமல் ஸ்டியரிங் இரண்டு பல் தள்ளி மாட்டப்பட்டது. அதனால் வண்டி தானாகவே இடப்பக்கச் சக்கரத்தைப் பிடித்தது. இவ்வகை வண்டியைப் பழுதுபார்க்கத் தோட்டத்தில் எவருக்கும் பயிற்சி தரப்படவில்லை. ஓட்டுநரில் பிழையில்லை. கடைசிக்கு முந்திய வரியில் மட்டும் நடராசாவின் விரல் நின்றது. “‘பயிற்சி தரப்படவில்லை’ எண்டது அவசியமோ?”

“அதுதாங்க அவசியம்.”

கடிதம் உள்ளே போய்த் துரையின் கையெழுத்தோடு வெளியே வந்தது. வெளியே பூரணி கூடையோடு நின்றாள்; அவளுக்குப் பின்னால் பாதி லயம் நின்றது. செல்லசாமி வாசலில் நின்று கடிதத்தை முதலிலிருந்து வாசித்தான். ‘இரண்டு பல்’ இருந்தது. ‘பயிற்சி’ இருந்தது. கையெழுத்து இருந்தது.

பிறகு திரும்பி உள்ளே நடந்தான்.

“இன்னும் என்னப்பா?” என்றார் நடராசா, அழாத குறையாக.

அவன் கடிதத்தை மேசையில் வைத்து, துரையின் கையெழுத்துக்குக் கீழே விரலால் தொட்டுக் காட்டினான்.

“தொரை தேதி போடலீங்க.”